ஒரு பில், பல ஐட்டங்கள்: நெஸ்டட் ஃபார்மைச் சரிபார்த்துச் சேவ் செய்வது எப்படி?

கேள்வி இதுதான். ஹார்டுவேர் மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்கு, பைத்தான் மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் பில்லிங் மென்பொருள் எழுதுகிறீர்கள். ஃபார்மின் மேலே வாடிக்கையாளர், தேதி, சரக்கு எந்த மாநிலத்துக்குப் போகிறது என்ற விவரம். கீழே பொருள், அளவு, விலை, வரி விகிதம் என்று வரிசை வரிசையாக ஐட்டங்கள். இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக வருவதுதான் நெஸ்டட் ஃபார்ம். உங்களுக்கு மூன்று தொல்லைகள். ஏதாவது ஒரு ஐட்டத்தில் தப்பு இருந்தால் பில்லின் தலைப்பகுதி மட்டும் சேவ் ஆகி, ஐட்டமே இல்லாத வெற்று பில் ஒன்று டேபிளில் உட்கார்ந்துகொள்கிறது. சில நேரம் எந்தப் பிழையும் காட்டாமல் அதே பக்கம் திரும்ப வருகிறது. பழைய பில்லைத் திறந்து திருத்தினால் ஐட்டங்கள் இரட்டிப்பாகின்றன. கூடவே, ஒவ்வோர் ஐட்டத்துக்குள்ளும் டெலிவரி தவணைகள் என்று மூன்றாம் அடுக்கு வைப்பது எப்படி என்றும் கேட்கிறீர்கள்.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். டேட்டாபேஸில் பில்லும் ஐட்டமும் இரண்டு டேபிள்களாக இருப்பதால், கோடும் அவற்றை இரண்டு வேலைகளாக நடத்துகிறது. கடைக்காரருக்கு அது ஒரே காகிதம். தலையில் ஒரு எழுத்து தப்பானாலும் சரி, ஏழாவது ஐட்டத்தில் அளவு விட்டுப்போனாலும் சரி, அந்தக் காகிதம் இன்னும் பில் ஆகவில்லை. ஆகவே வேலையை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் தலை, ஐட்டங்கள், இரண்டுக்கும் நடுவிலுள்ள விதிகள் எல்லாவற்றையும் சரிபார்த்து முடிக்க வேண்டும். அதுவரை டேட்டாபேஸில் ஓர் எழுத்துகூட விழக்கூடாது. இரண்டாம் கட்டத்தில் எல்லாவற்றையும், எழுதினால் முழுதாக, இல்லாவிட்டால் எதுவுமே இல்லை என்ற ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுத வேண்டும்.

உங்கள் முதல் தொல்லை எப்படி வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் எழுதும் வரிசை இது: தலை ஃபார்ம் சரியா என்று கேட்பது, சரியென்றால் சேவ் செய்வது, கிடைத்த பில்லை ஃபார்ம்செட்டிடம் (ஐட்ட வரிசைகளின் ஃபார்ம்கள் சேர்ந்த தொகுப்பு) கொடுப்பது, பிறகு ஃபார்ம்செட் சரியா என்று கேட்பது. ஐட்டத்துக்கு, அது எந்த பில்லைச் சேர்ந்தது என்று காட்டும் வெளிச்சாவி (ஃபாரின் கீ) வேண்டும், வெளிச்சாவிக்கு பில்லின் ஐடி வேண்டும், ஆகவே முதலில் பில்லை சேவ் செய்துதானே ஆக வேண்டும் என்று தோன்றும். வேண்டியதில்லை. தலை ஃபார்மை உருவாக்கியதும், இன்லைன் ஃபார்ம்செட்டை உருவாக்கும்போது 'இன்ஸ்டன்ஸ்' என்ற இடத்தில் அந்தத் தலை ஃபார்முடைய இன்ஸ்டன்ஸையே, அதாவது பில்லுக்குரிய பைத்தான் ஆப்ஜெக்டையே, கொடுங்கள். அது இன்னும் சேவ் ஆகாததாக இருக்கலாம், பரவாயில்லை. சரிபார்ப்புக்கு ஐடி தேவையில்லை. சேவ் செய்யும் நேரத்தில் முதலில் தலை, அடுத்து ஃபார்ம்செட் என்று அழைத்தால், ஒவ்வொரு புது ஐட்டத்திலும் வெளிச்சாவியை ஜாங்கோவே நிரப்பிவிடும்.

ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனாக நடத்தும் 'அட்டாமிக்_ரிக்வெஸ்ட்ஸ்' போட்டிருக்கிறேனே, அது காப்பாற்றாதா என்று கேட்கலாம். காப்பாற்றாது. எக்ஸப்ஷன் ஒன்று வியூவை (கோரிக்கைக்குப் பதில் தரும் செயற்கூறு) விட்டு வெளியே போனால்தான் அது பின்வாங்கும், அதாவது எழுதியதை ரத்து செய்யும். நீங்கள் தலையை சேவ் செய்துவிட்டு, ஃபார்ம்செட் தவறு என்று தெரிந்ததும் பிழைகளோடு பக்கத்தை ஒழுங்காகத் திருப்பி அனுப்புகிறீர்கள். ஜாங்கோவின் பார்வையில் அது வெற்றிகரமான பதில், எனவே எழுதியது கமிட் ஆகி நிலைத்துவிடுகிறது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பயனரை மிகவும் எரிச்சலூட்டுவது. 'தலை சரியா, அண்ட், ஃபார்ம்செட் சரியா' என்று ஒரே நிபந்தனையில் எழுதினால், தலையில் தப்பு இருக்கும்போது பைத்தான் இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிடும். தலையையும் ஐட்டங்களையும் ஒப்பிட்டு, அந்த நிபந்தனைக்குள் வியூவில் நீங்கள் எழுதிய குறுக்கு விதிகளும் தலை சரியான பிறகுதான் ஓடுகின்றன. பயனர் தலையைச் சரிசெய்து அனுப்பினால், அதுவரை பேச்சே இல்லாத புதுப் பிழைகள் ஐட்டங்களில் முளைக்கலாம். இரண்டையும் தனித்தனியாக அழைத்து, விடைகளை இரண்டு மாறிகளில் வைத்துக்கொண்டு, பிறகு சேர்த்துப் பாருங்கள். எல்லாப் பிழையும் ஒரே தடவையில் கண்ணில் பட வேண்டும். நாற்பது ஐட்டம் அடித்தவருக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

தலையை முதலில் அழைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மாடல்ஃபார்ம் சரிபார்ப்பு முடிந்ததும் சுத்தமான மதிப்புகள் இன்ஸ்டன்ஸில் ஏறிவிடும். ஃபார்ம்செட்டும் அதே இன்ஸ்டன்ஸைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே ஃபார்ம்செட்டின் 'க்ளீன்' செயற்கூறுக்குள் நின்றபடி தலையில் என்ன தேர்வாகியிருக்கிறது என்று பார்க்கலாம். நெஸ்டட் ஃபார்மில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 'அளவு பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும்' போன்ற ஒற்றைப் புல விதிகளை எந்த ஃபிரேம்வொர்க்கும் பார்த்துக்கொள்ளும். தலைக்கும் ஐட்டங்களுக்கும் குறுக்கே போகிற விதிகளைத்தான் நாம் எழுத வேண்டும்.

உங்கள் பில்லிலேயே உதாரணம் இருக்கிறது. சரக்கு தமிழ்நாட்டுக்குள்ளேயே போனால் 18 சதவீத ஐட்டத்துக்கு மத்திய ஜிஎஸ்டி 9, மாநில ஜிஎஸ்டி 9. பெங்களூருக்குப் போனால் ஐஜிஎஸ்டி 18. இந்த முடிவு தலையில் இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது, பாதிப்பு ஒவ்வொரு ஐட்டத்திலும். பயனர் இருபது ஐட்டம் அடித்து முடித்த பிறகு மாநிலத்தை மாற்றினால், ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிசையைப் புதுப்பிக்கத் தவறினாலும் அரை பில் ஒரு வரியிலும் மீதி இன்னொரு வரியிலும் நிற்கும். எனவே வரித் தொகை, வரிசைத் தொகை, மொத்தத் தொகை இவற்றில் எதையும் பிரவுசரிடமிருந்து வாங்காதீர்கள். பொருள், அளவு, விலை, தள்ளுபடி மட்டும் வரட்டும், மீதியை சர்வரில் கணக்கிடுங்கள். திரையில் ஜாவாஸ்கிரிப்ட் காட்டும் தொகை பயனரின் வசதிக்காக மட்டும். பணத்துக்கு டெசிமல் வகை, எங்கே ரவுண்ட் செய்வது என்ற முடிவு ஒரே செயற்கூறில்.

அதேபோல வாடிக்கையாளரின் கடன் வரம்பு. வரம்பு தலையில் இருக்கும் ஆளுக்கு, ஒப்பிட வேண்டியது ஐட்டங்களின் கூட்டுத்தொகையோடு. இதை ஃபார்ம்செட்டின் 'க்ளீன்'இல் எழுதும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலில் 'சூப்பர்' வழியாக மூல 'க்ளீன்'ஐ அழையுங்கள். ஒரே பொருள் இரண்டு வரிசையில் வந்திருக்கிறதா போன்ற யூனிக் சோதனையை மாடல் ஃபார்ம்செட் அங்கேதான் செய்கிறது. மேலெழுதிவிட்டு மூலத்தை அழைக்க மறந்தால் அந்தச் சோதனை ஓசையில்லாமல் போய்விடும். அடுத்து, ஏதாவது வரிசையில் ஏற்கெனவே பிழை இருந்தால் கூட்டல் போடாமல் திரும்பிவிடுங்கள், பாதி எண்களை வைத்துக் கூட்டிய தொகையால் பயனில்லை. மூன்றாவது, நீக்கக் குறிக்கப்பட்ட வரிசைகளைக் கூட்டாதீர்கள். பயனர் பழைய பில்லிலிருந்து பெரிய ஐட்டம் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் வரம்புக்குள் கொண்டுவர முயல்கிறார், நாம் அந்த ஐட்டத்தையும் சேர்த்துக் கூட்டி அவரைத் தடுத்துக்கொண்டே இருப்போம்.

குறைந்தது ஓர் ஐட்டமாவது வேண்டும் என்பதற்குத் தனியாக எதுவும் எழுத வேண்டாம். ஃபார்ம்செட் தயாரிக்கும்போது 'மின்_நம்' 1 என்றும் 'வேலிடேட்_மின்' ட்ரூ என்றும் கொடுத்தால் போதும். இரண்டாவதைக் கொடுக்காமல் முதலாவதை மட்டும் கொடுத்தால் அது வெற்று வரிசை காட்டுமே தவிர, ஐட்டங்களின் எண்ணிக்கையைச் சரிபார்க்காது.

இப்போது இரண்டாம் தொல்லை. பிழை சொல்லாமல் பக்கம் திரும்புகிறது என்றால் பிழை இல்லை என்று அர்த்தமல்ல. அது நீங்கள் திரையில் வரையாத இடத்தில் இருக்கிறது. ஐட்டங்களை அழகாக டேபிளில் காட்ட வேண்டும் என்று டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு புலத்தையும் கையால் எழுதியிருப்பீர்கள். அப்போது மறைந்திருக்கும் ஐடி புலம் விட்டுப்போகும். பழைய ஐட்டம் ஒவ்வொன்றுக்கும் அந்த ஐடி திரும்ப வர வேண்டும். வராவிட்டால் 'இந்தப் புலம் தேவை' என்ற பிழை அந்த ஐடி புலத்தின் மேலேயே ஏறும். அந்தப் புலத்தைத்தான் நீங்கள் வரையவே இல்லையே, பிழை எங்கே தெரியும்? இன்னொரு இடம், முழு ஃபார்ம்செட்டுக்கும் உரிய பிழைகள் சேரும் 'நான்_ஃபார்ம்_எரர்ஸ்'. கடன் வரம்புப் பிழையும் 'ஓர் ஐட்டமாவது வேண்டும்' என்ற பிழையும் அங்கேதான் போகும். பக்கத்தின் உச்சியில் நான்கையும் காட்டுங்கள்: தலையின் பொதுப் பிழை, ஃபார்ம்செட்டின் பொதுப் பிழை, ஒவ்வொரு வரிசையின் பொதுப் பிழை, மறைந்த புலங்களின் பிழை. காரணம் தேடும்போது முதல் வேலையாக ஃபார்ம்செட்டின் 'எரர்ஸ்' பட்டியலை லாகில் அச்சிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் தொல்லையும் பெரும்பாலும் கையால் எழுதிய அதே டெம்ப்ளேட்டிலிருந்துதான். ஃபார்ம்செட்டோடு 'மேனேஜ்மென்ட் ஃபார்ம்' என்று மறைந்த புலங்கள் கொஞ்சம் போக வேண்டும். அதில் 'டோட்டல்_ஃபார்ம்ஸ்' மொத்தம் எத்தனை வரிசை என்பதைச் சொல்லும், 'இனிஷியல்_ஃபார்ம்ஸ்' அவற்றில் எத்தனை ஏற்கெனவே இருந்தவை என்பதைச் சொல்லும். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கோடில் இரண்டாவது எண் எப்போதும் 0 என்று கையால் எழுதப்பட்டிருந்தால், திருத்தும் பக்கத்திலும் எல்லா வரிசையும் புதியவை என்றே ஜாங்கோ எடுத்துக்கொள்ளும். சேவ் செய்தால் மூன்று ஐட்டம் ஆறாகும். கையால் எழுதாமல் ஃபார்ம்செட் தரும் மேனேஜ்மென்ட் ஃபார்மை அப்படியே அச்சிடுங்கள்.

ரூபி மொழி ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸில் எழுதுபவர்களுக்கும் இதே நோய் வேறு வழியில் வரும். 2009இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து அங்கே பில்லோடு சேர்த்து ஐட்டங்களையும் ஏற்க 'அக்செப்ட்ஸ்_நெஸ்டட்_ஆட்ரிபியூட்ஸ்_ஃபார்' இருக்கிறது. அனுமதிக்கும் புலங்களின் பட்டியலில் ஐட்டத்தின் ஐடியைச் சேர்க்க மறந்தால், ஒவ்வொரு திருத்தத்திலும் எல்லா ஐட்டமும் புதிதாகப் பிறக்கும். நீக்கும் குறியைச் சேர்க்க மறந்தால் எதுவுமே நீங்காது.

வரிசையைச் சேர்ப்பது, எடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். சேர்க்க, 'எம்ப்டி_ஃபார்ம்' தரும் மாதிரி வரிசையை எச்டிஎம்எல் டெம்ப்ளேட் டேக்குக்குள் வைத்துக்கொண்டு, அதிலுள்ள 'ப்ரிஃபிக்ஸ்' என்ற இடத்தில் அப்போதைய டோட்டல் எண்ணைப் போட்டு ஒட்டி, டோட்டலை ஒன்று கூட்டுங்கள். எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். ஏற்கெனவே சேவ் ஆன ஐட்டம் என்றால் பக்கத்திலிருந்து பிய்த்து எடுக்கக்கூடாது. நீக்கும் செக்பாக்ஸை டிக் செய்து வரிசையை மறைக்க வேண்டும். இப்போதுதான் சேர்த்த புது வரிசை என்றால் பிய்த்துவிடலாம். ஆனால் நடுவில் ஓர் எண் காலியாகும். அளவுக்கு 1 என்று தொடக்க மதிப்பு கொடுத்திருந்தால், அந்தக் காலி எண்ணில் அளவு வரவில்லை, தொடக்க மதிப்போ 1, ஆகவே பயனர் எதையோ மாற்றியிருக்கிறார் என்று ஜாங்கோ முடிவு செய்து, கண்ணுக்குத் தெரியாத வரிசைக்கு 'பொருள் தேவை' என்று பிழை போடும். புது வரிசையையும் பிய்க்காமல் நீக்கக் குறியிட்டு மறைத்துவிட்டால் இந்த வம்பே இல்லை, நீக்கக் குறியிட்ட வரிசைகளின் பிழைகள் கணக்கில் வராது.

ஃபிரேம்வொர்க் உதவியில்லாமல் கையால் எழுதுபவர்கள் புலப் பெயர்களை வெறும் சதுர அடைப்பாக, எண் இல்லாமல் எழுதுவார்கள்: அளவு[], விலை[], இலவசம்[] என்று. அளவும் விலையும் ஒழுங்காக வரும். செக்பாக்ஸில் கதை வேறு. டிக் செய்யாத செக்பாக்ஸை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. ஐந்து வரிசையில் மூன்றாவது மட்டும் இலவசம் என்று டிக் செய்தால், சர்வருக்கு இலவசம் என்ற பட்டியலில் ஒரே ஒரு மதிப்பு வரும், அதன் இடம் 0. முதல் ஐட்டம் இலவசமாகப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது, பில் மட்டும் தப்பாக இருக்கும். ஒவ்வொரு பெயரிலும் வரிசை எண்ணை எழுதுங்கள்: ஐட்டம்[2][இலவசம்]. பிஎச்பி மொழி ஃபிரேம்வொர்க்கான லாராவெலில் இப்படி எழுதினால் 'ஐட்டம்' புள்ளி நட்சத்திரக்குறி புள்ளி 'அளவு' என்று ஒரே விதியை எல்லா வரிசைக்கும் போடலாம், பிழையும் அந்தந்த வரிசை எண்ணோடு திரும்ப வரும்.

இடையில் ஒன்று. பில்லிங் பக்கத்திலேயே 'புது வாடிக்கையாளர் சேர்' என்ற பாப்அப் வைத்து, அதை பில் ஃபார்முக்குள் இன்னொரு ஃபார்ம் டேக்காக எழுதிவிடாதீர்கள். ஃபார்முக்குள் ஃபார்மை எச்டிஎம்எல் ஏற்காது. உள்ளே வரும் திறப்பு டேகை பிரவுசர் தள்ளிவிடும், அதன் மூடும் டேக் உங்கள் வெளி ஃபார்மை மூடிவிடும். அதற்குக் கீழே இருக்கும் ஐட்டங்களும் சேவ் பட்டனும் எந்த ஃபார்முக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். பாப்அப்பை பில் ஃபார்முக்கு வெளியே வையுங்கள்.

ஐடிகளை நம்புவது பற்றி. மறைந்த புலத்தில் வரும் ஐட்ட ஐடியை யார் வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம். 'இந்த ஐடி டேபிளில் இருக்கிறதா' என்று மட்டும் பார்ப்பது போதாது, 'இந்த பில்லில் இருக்கிறதா' என்று பார்க்க வேண்டும். ஜாங்கோவின் இன்லைன் ஃபார்ம்செட் அந்த பில்லின் ஐட்டங்களுக்குள் மட்டுமே தேடும். ரெயில்ஸும் அடுத்தவர் ஐடி வந்தால் பதிவு கிடைக்கவில்லை என்று எக்ஸப்ஷன் எறியும். லாராவெலில் 'எக்ஸிஸ்ட்ஸ்' விதியோடு பில் ஐடி நிபந்தனையை நீங்களே சேர்க்க வேண்டும். வெளிச்சாவியை ஃபார்மிலிருந்து வாங்கவே கூடாது. 2012 மார்ச்சில் கிட்ஹப்பில் நடந்தது இதுதான்: ஆளை அடையாளம் காட்டும் பொதுச் சாவியை (பப்ளிக் கீ) பதியும் ஃபார்ம், எந்தப் பயனருக்கு என்ற ஐடியையும் சேர்த்து ஏற்றுக்கொண்டது. ஒருவர் தன் சாவியை ரெயில்ஸ் குழுவைச் சேர்ந்தவரின் கணக்கில் பதித்து, ரெயில்ஸின் களஞ்சியத்திலேயே கமிட் செய்து காட்டினார். அனுமதித்த புலங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடும் முறை ரெயில்ஸ் 4இல் இயல்பானது அதற்குப் பிறகுதான்.

சரி, எல்லாம் சரிபார்த்தாயிற்று. இனி எழுதும் கட்டம். 'டிரான்ஸாக்‌ஷன் அட்டாமிக்' தொகுதிக்குள் தலையை சேவ் செய்து, அடுத்து ஃபார்ம்செட்டை சேவ் செய்யுங்கள். சேவுக்கு முன் வரிசைத் தொகையை நிரப்ப வேண்டும் என்பதால் 'கமிட்' ஃபால்ஸ் என்று கேட்டால் ஒன்றை மறக்காதீர்கள்: அந்த வடிவத்தில் நீக்கக் குறியிட்டவற்றை ஜாங்கோ தானாக நீக்காது. 'டெலீட்டட்_ஆப்ஜெக்ட்ஸ்' பட்டியலில் வைத்துவிட்டு உங்களுக்காகக் காத்திருக்கும். நீங்கள்தான் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும்.

டேட்டாபேஸ் தன் பங்குக்கு மறுக்கலாம். யூனிக் கட்டுப்பாடு, செக் கட்டுப்பாடு, வெளிச்சாவி இவை கட்டாயம் டேட்டாபேஸில் இருக்க வேண்டும். ஃபார்ம் சரிபார்த்த நொடிக்கும் எழுதும் நொடிக்கும் நடுவில் இன்னொருவர் எழுதிவிட முடியும் என்பதால் கடைசிக் காவல் அதுதான். ஆனால் அந்த 'இன்டெக்ரிட்டி எரர்'ஐ அட்டாமிக் தொகுதிக்குள் பிடித்து விழுங்கிவிட்டுத் தொடர்ந்து வினவினால், டிரான்ஸாக்‌ஷன் உடைந்துவிட்டது என்று அடுத்த வினவலே நின்றுவிடும். தொகுதிக்கு வெளியே பிடியுங்கள்.

அங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பின்வாங்குவது டேட்டாபேஸ் மட்டும்தான், பைத்தான் நினைவகம் அல்ல. தலை சேவ் ஆனபோது பில்லின் இன்ஸ்டன்ஸில் ஐடி ஏறிவிட்டது. பிறகு ஐட்டத்தில் தோற்று எல்லாம் திரும்பிவிட்டாலும் அந்த ஐடி இன்ஸ்டன்ஸில் அப்படியே இருக்கும். அதை வைத்துப் பக்கத்தை வரைந்தால் 'பில்லைத் திருத்து' என்று தலைப்பு வரும், அந்த ஃபார்ம், டேட்டாபேஸில் இல்லாத ஒரு பில்லின் முகவரிக்குப் போகும், பயனருக்கு 404 கிடைக்கும். புது பில் என்றால் ஐடியை 'நன்' (மதிப்பு இல்லை) ஆக்கி, அந்த இன்ஸ்டன்ஸின் நிலையில் 'ஆடிங்' என்பதை மறுபடி ட்ரூ ஆக்கிவிட்டுப் பக்கத்தை வரையுங்கள்.

இருப்புக் கணக்கை ஃபார்ம் சரிபார்ப்பில் மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு கவுன்ட்டரில் ஒரே நேரத்தில் கடைசி பெயின்ட் டப்பாவை பில் போட்டால் இருவருக்கும் 'இருக்கிறது' என்றே தெரியும். டிரான்ஸாக்‌ஷனுக்குள், 'இருப்பு கேட்ட அளவுக்குக் குறையாமல் இருந்தால் கழி' என்று ஒரே அப்டேட்டாக எழுதி, எத்தனை பதிவு மாறியது என்று பாருங்கள். 0 என்றால் சரக்கு போய்விட்டது. உடனே உங்கள் சொந்த எக்ஸப்ஷனை எறிந்து தொகுதியை விட்டு வெளியே வந்து, அந்த வரிசையின் அளவுப் புலத்தில் 'ஆட்_எரர்' மூலம் பிழையைச் சேர்த்துப் பக்கத்தைக் காட்டுங்கள். கழிக்கும்போது பொருள் ஐடி ஏறுவரிசையில் போங்கள். ஒருவர் கம்பி, பெயின்ட் என்றும் இன்னொருவர் பெயின்ட், கம்பி என்றும் பூட்டினால் இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருந்து டெட்லாக் ஆகும்.

பில் எண்ணுக்கு வருவோம். ஜிஎஸ்டி விதிகளில் 46ஆவது விதி, பில் எண் தொடர் எண்ணாக, 16 எழுத்துக்கு மிகாமல், நிதியாண்டுக்குள் மீளாமல் இருக்க வேண்டும் என்கிறது. போஸ்ட்கிரஸ் சீக்வென்ஸையோ தானாக ஏறும் ஐடியையோ பில் எண்ணாக வைத்தால், டிரான்ஸாக்‌ஷன் பின்வாங்கும்போது எடுத்த எண் திரும்பாது. மைஎஸ்க்யூஎல்லிலும் அப்படித்தான். 118க்குப் பிறகு 120 வரும், 119 எங்கே என்று ஆடிட்டர் கேட்பார். தனி டேபிளில் தொடர், நிதியாண்டு, கடைசி எண் என்று ஒரு பதிவு வைத்து, 'செலக்ட்_ஃபார்_அப்டேட்' மூலம் பூட்டி ஒன்று கூட்டுங்கள். பில் பின்வாங்கினால் எண்ணும் பின்வாங்கும். இந்தப் பூட்டு கமிட் வரை நிற்கும், அடுத்த கவுன்ட்டர் அதற்காகக் காத்திருக்கும். ஆகவே ஐட்டமும் இருப்பும் எழுதி முடித்த பிறகு கடைசியாக எண்ணை எடுத்து பில்லில் பதியுங்கள். எஸ்எம்எஸ், மின்னஞ்சல், பிடிஎஃப் எதையும் தொகுதிக்குள் செய்யாதீர்கள், 'ஆன்_கமிட்'டில் போடுங்கள். இல்லாவிட்டால் பின்வாங்கிய பில்லுக்கு வாடிக்கையாளர் கைபேசியில் நன்றிச் செய்தி போயிருக்கும்.

திருத்தும்போது 'பழைய ஐட்டங்களை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக எழுதிவிடலாமே' என்று யோசனை வரும். எளிதுதான். அந்த ஐட்ட ஐடியை வேறு எந்த டேபிளும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, யார் எப்போது மாற்றினார் என்ற வரலாறும் தேவையில்லை என்றால் தாராளமாகச் செய்யலாம், தப்பில்லை. பில்லிங்கில் நான் செய்ய மாட்டேன். விற்பனைத் திரும்பல் பதிவு, 'இந்த பில்லின் இந்த ஐட்டம்' என்று ஐடியைத்தான் காட்டுகிறது. அழித்தால், கேஸ்கேட் இருந்தால் திரும்பல் பதிவும் சேர்ந்து அழியும்.

ஒரே பில்லை இருவர் திறந்து வைத்திருப்பதும் நடக்கும். ஒருவர் ஓர் ஐட்டத்தை நீக்கி சேவ் செய்துவிட்டார், மற்றவர் பழைய பக்கத்திலிருந்து சேவ் அழுத்துகிறார். ஜாங்கோ அந்த ஐடியை ஏற்காது, பிழையும் மறைந்த ஐடி புலத்தில்தான் விழும். பில் தலையில் ஒரு பதிப்பு எண் வையுங்கள். 'நான் திறந்தபோது இருந்த பதிப்பு எண்ணே இன்னும் இருந்தால் மாற்று' என்று அப்டேட் செய்து, 0 பதிவு மாறினால் 'இந்த பில்லை வேறொருவர் திருத்தியிருக்கிறார், மறுபடி திறக்கவும்' என்று சொல்லுங்கள். ஐட்டம் மட்டும் மாறினாலும் தலையின் பதிப்பு ஏற வேண்டும். சேவ் பட்டனை இருமுறை அழுத்துவதற்கு, பக்கம் வரையும்போது ஒரு யுயுஐடியை (மீளாத அடையாளக் குறி) மறைந்த புலமாக வைத்து, பில் டேபிளில் அதற்கு யூனிக் கட்டுப்பாடு போடுங்கள்.

ஐட்டங்களுக்கு வரிசை எண்ணை யூனிக்காக வைத்திருந்து, பயனர் 1ஐயும் 2ஐயும் இடம் மாற்றினால், ஒவ்வொரு வரிசையும் தனித்தனியாக டேட்டாபேஸைப் பார்த்து 'அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது' என்று மறுக்கும். வரிசை எண்ணைப் பயனரிடமிருந்து வாங்காமல், வந்த ஒழுங்கிலேயே சர்வர் போடுவதும் அந்த யூனிக்கை எடுத்துவிடுவதும் எளிய வழி. ரெயில்ஸில் இதன் மறுபக்கம் உண்டு: யூனிக் வேலிடேஷன் டேட்டாபேஸை மட்டுமே பார்ப்பதால், ஒரே சமர்ப்பிப்பில் வரும் இரண்டு புது இரட்டைகளைப் பிடிக்காது.

பெரிய பில்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜாங்கோ ஒரு கோரிக்கையில் இயல்பாக 1000 புலங்களுக்கு மேல் ஏற்காது. வரிசைக்கு 8 புலம் என்றால் 125 ஐட்டத்திலேயே வரம்பு வந்துவிடும், அதற்கு மேல் 400 என்ற பதில்தான். அது பரவாயில்லை, குறைந்தபட்சம் தெரிகிறது. பிஎச்பியில் 'மேக்ஸ்_இன்புட்_வார்ஸ்' இயல்பு மதிப்பும் 1000தான். ஆனால் அங்கே மீதியை வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டு வேலை தொடரும். கடைசி ஐட்டங்கள் இல்லாத பில் சேவ் ஆகிவிடும். வரம்பை உயர்த்துங்கள். அதோடு, ஃபார்மின் ஆரம்பத்திலேயே 'எத்தனை ஐட்டம்' என்ற எண்ணை அனுப்பி, வந்து சேர்ந்தவற்றை எண்ணி ஒப்பிடுங்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டிருந்த மூன்றாம் அடுக்கு: ஐட்டத்துக்குள் டெலிவரி தவணைகள். ஃபார்ம்செட்டுக்குள் ஃபார்ம்செட் வைக்கலாம். ஒவ்வொரு ஐட்டத்தின் ப்ரிஃபிக்ஸையும் உள் ஃபார்ம்செட்டின் ப்ரிஃபிக்ஸில் சேர்த்து, சரிபார்க்கும் செயற்கூறையும் சேவையும் மேலெழுத வேண்டும். செய்து பார்த்தவர்கள் பலரும் அதைப் பராமரிக்கத் திணறுகிறார்கள். என் ஆலோசனை, பில்லை சேவ் செய்த பிறகு ஒவ்வோர் ஐட்டத்துக்கும் தவணைகளைத் தனிப் பக்கத்தில் வாங்குங்கள். கட்டாயம் ஒரே திரையில்தான் வேண்டுமென்றால் முழு பில்லையும் ஜேசனாக (அடுக்கடுக்கான தரவை எழுதும் வடிவம்) அனுப்புங்கள். ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் நெஸ்டட் சீரியலைசர் எத்தனை அடுக்கையும் சரிபார்த்து, பிழைகளையும் அதே மர வடிவில் திருப்பித் தரும். எழுதுவதை மட்டும் அது தானாகச் செய்யாது. 'க்ரியேட்', 'அப்டேட்' இரண்டையும் நீங்களே எழுதச் சொல்லி நிறுத்திவிடும். அங்கேயும் அதே அட்டாமிக் தொகுதி, அந்த பில்லுக்குள் மட்டும் ஐடி தேடல், கடைசியில் பில் எண்.